மூளுன்னுண்டு

நாற்பதைத் தொட்டால்தான் தொடங்கும்.
பின்சீட்டில் யாரோ கதை கேட்டபடி
உம் கொட்டுவது போல.
ஐம்பதில் வண்டு.
அறுபதில், புளியரை தாண்டி
வயல் இருபுறமும் விரிகிற இடத்தில்,
அடுத்த வீட்டில் ஓடும் கிரைண்டர்.

கிரைண்டர் எனக்குத் தெரியும்.
இரண்டு மணிக்கு எழுந்து அரைத்த
நூற்றிருபது பாக்கெட் மாவு பின்னால் இருக்கிறது,
ஆரியங்காவுக் கடைகளுக்கு.
ஏழரைக்கு மேல் போனால்
உறை உப்பி, காது கிழிந்து,
சீட்டெல்லாம் புளிப்பு.

பக்கத்தில் குற்றாலிங்கம்.
நான்கு நாளாக அவனுக்கு என்னிடமிருந்து
ம் மட்டும்தான்.
சாவி எங்கே? ம்.
மழை வருமா? ம்.
அக்கா புருஷனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டதை
அவன் சொல்லவில்லை,
சொசைட்டி நோட்டீஸ் சொன்னது.

'டயராத்தான் இருக்கும்'
என்றான் முன்கண்ணாடியிடம்.
நானும் கண்ணாடியிடமே சொன்னேன்:
'டயருன்னா ரோடு மாறுனா சத்தமும் மாறணும்.'
கோட்டைவாசலில் ரோடு மாறியது.
செக்போஸ்ட்டில் மட்டும்
நல்ல பிள்ளையாய் வாயை மூடிக்கொண்டு
அந்தப் பக்கம் போனதும்
விட்ட இடத்திலிருந்து அதே சுருதி.

பிரேக்கைத் தொட்டேன். கிறீச்சில்லை.
இறக்கத்தில் நியூட்ரலுக்குத் தள்ளினேன்,
இன்ஜின் அடங்கியது, இது அடங்கவில்லை.
வலது வளைவில் ஏறியது.
இடது வளைவில்
யாரோ தொண்டையைப் பிடித்தது போல நின்றது.

'அப்ப வலது சக்கரம்' என்றான்.
'எந்தப் பக்கம் திரும்புனா கத்துதோ, அந்தப் பக்கம்.'

ம் என்று சொல்லியிருக்கலாம்.
அடுத்த வலது வளைவில்
பாக்கெட் அத்தனையும் சரிந்து
இடது கதவில் அப்பின.
அவன் தோளும்.
'இடது' என்றேன்.
'பாரம் எங்க சாயுதோ அங்கதான் கத்தும்.'
சொன்ன பிறகு
அது வேறொன்றையும் சொன்ன மாதிரி இருந்தது.
அவன் ரப்பர் மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகளைப்
பார்த்துக்கொண்டு வந்தான்.

சஜிமோன் ஜாக்கி போட்டான்.
இடது சக்கரம் அந்தரத்தில்.
ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு
மறுகையால் சுழற்றி, கண்ணை மூடி,
'சேச்சி, மூளுன்னுண்டு' என்றான்.

திக்கென்றது.
எங்கள் பக்கம் மூள்வது தீ.
இல்லையென்றால் சண்டை.

'ஐயோ, தீயில்ல. ம்ம்ம்னு ஒரு பாட்டு.
அத்ரயே உள்ளு.'

என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னான்.
சரியாக அரைபடாத மாவை
இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினால் வருமே,
அந்த நறநறப்பு
கம்பிச் சுருள் வழியே ஏறி வந்தது.
வலது சக்கரம் வெண்ணெய்.
குற்றாலிங்கம் இரண்டையும் தொட்டான்.
ஒன்றும் சொல்லவில்லை.
பாக்கெட்டுகளை டப்பில் அடுக்கித் தோளில் வைத்து
கடை கடையாக நடந்தான்,
நான்கு நடை.
பேரிங் புனலூரிலிருந்து
பஸ்ஸில் வந்து சேர்ந்தபோது மணி பத்தரை.
அடித்து இறக்க ஒரு மணி நேரம்,
பணத்துக்கு அவன் சட்டைப்பையில் பாதி, என் பர்ஸில் பாதி.

திரும்பும் வழியில் அறுபது.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததில் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கின:
காலி டப்புகள்,
டேஷ்போர்டு திருகாணி ஒன்று,
அதற்குள் நான்கு நாளாய்க் கிடக்கும் நோட்டீஸ்,
அவன் மூச்சு.
கேட்டு வாங்கிய பழைய பேரிங்கை
உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.
நற. நற.

'எவ்வளவுக்கு?' என்றேன், ரோட்டைப் பார்த்து.

'ரெண்டு.'

வலது வளைவு ஒன்று வந்தது.
அவன் கதவில் சாய்ந்தான்.

'ரெண்டே முக்கால்.'

ம்ம்ம்.
சட்டென்று குனிந்து
இடது சக்கரத்தின் பக்கம் காதைக் கொடுத்தான்.

அது நான்.