நவம்பர் பதினேழு, காலை எட்டு இருபது

மருத்துவரிடம் போகிற நாளில் மட்டும்
கன்னத்துச் சிவப்பு காணாமல் போய்விடுகிறது,
கடன் கொடுத்தவன் தெருமுனையில் தெரிந்ததும்
பின்வாசலால் நழுவுகிறவன் மாதிரி.

அதனால் போனில் படம் வைத்திருக்கிறேன்.
மார்ச் ஒன்பது, குளியலறை விளக்கில் என் முகம்.
மார்ச் இருபது, மெழுகு நிறத்தில் மூன்று விரல்கள்,
பின்னால் தபால் பை,
தார்த்து நகரத்தின் உருகாத பனி.

டாக்டர் கைடோ பெரிதாக்கிப் பார்த்தார்.
வெளிச்சத்தின் கோளாறாகவும் இருக்கலாம் என்றார்.
தூக்கம் எப்படி? வீட்டில் ஏதும் கவலையா?

கவலை உண்டு, டாக்டர்.
லெப்பிக்கு தெருவில் நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது.
ஒரே ஒரு கடிதம் கொடுத்து இறங்குவதற்குள்
முழங்கால் இரண்டும் வட்டி கேட்கின்றன.

வேலிதான் பயிரை மேய்கிறதா என்று பார்க்க
ஏழு குழாய் ரத்தம் எடுத்தார்கள்.
செவிலி வீவே லேலோ என்ற என் பெயரைத்
தலைகீழாக ஒட்டி, உரித்து, மறுபடி ஒட்டினாள்.

பதினோராம் நாள் வந்தது முடிவு:
எல்லாம் வரம்புக்குள்.
உர்மாஸ் தபால் வண்டியை ஓரங்கட்டி
கேக் வாங்கி வந்தான்.
நான் அழுததைப் பார்த்து
ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டான்.

நோயா வேண்டும் எனக்கு?
பெயர், உர்மாஸ். அதற்கு ஒரு பெயர்.
முகவரி தவறிய கடிதத்தைக்கூட
நாம் எரித்துவிடுவதில்லையே,
முத்திரை குத்தித்தானே திருப்புகிறோம்.

அவன் கேக்கின் மிச்சத்தைக்
காகிதத்தில் சுற்றினான்.
மூட்டு நிபுணரைப் பார்க்க நவம்பரில்தான் இடம்.

அன்றைக்காவது, சிவப்பே,
முகத்தில் இரு.