பதினொன்றாம் எண்

துறைமுகத்தில் ஏழாம் எண் கூண்டு ஏற்றியாயிற்று.
படகு போகாத நாளில் ஐஸ் எதற்கு?
பிளான்ட்டைப் பூட்டி
கணக்கெழுதும் என்னையும் அனுப்பிவிட்டார்கள்.
சுகந்தி மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்.
ஒரு டூட்டி முடிந்தால் அடுத்ததும் அவளுக்கே.
பள்ளிக்கூடமும் லீவு.
ஆக, முதுநகர் மாடிவீட்டில்
நானும் இரண்டு பிள்ளைகளும்
கரண்ட் போன ஒரு டிவியும்.

பத்து மணிக்குள் எல்லா விளையாட்டும் தீர்ந்தது.
பத்தரைக்கு மைதா டப்பாவைத் திறந்தேன்.

இரண்டு டம்ளர் மாவு, ஒரு டம்ளர் தூளுப்பு.
உப்பை அப்படி அள்ளக் கை கூசியது.
ஒரு கரண்டி கடலெண்ணெய்,
வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமாய்.
காதுமடல் பதம் வரும்வரை பிசையவேண்டும் என்று
எங்கோ கேட்ட ஞாபகம்.
நிறைமதி என் காதைப் பிடித்துப் பார்த்தாள்,
மாவைப் பிடித்துப் பார்த்தாள்.
"இன்னும் உன் காது வரலப்பா."

மஞ்சள்தூள் போட்டு ஓர் உருண்டை.
பீட்ரூட் பிழிந்து ஓர் உருண்டை.
மிச்சம் வெள்ளையாகவே, ஈரத்துணிக்கு அடியில்.
சொட்டு நீலத்தை நான் ஒளித்துவைத்தேன்.
சேந்தனுக்கு இரண்டு வயது, எல்லாம் வாய்க்குப் போகும்.
அன்றைக்குக் கடல் செய்ய முடியாமல் போனது
அதனால்தான்.
அவன் பீட்ரூட்டை நக்கினான், முகம் சுருங்கினான்,
மறுபடி நக்கினான்.

"ஏழாம் நம்பர் கூண்டுன்னா
உள்ள என்னப்பா இருக்கும்?"
இந்த ஊரில் பிறந்து முப்பத்தாறு வருஷம்.
ஒருநாளும் யோசித்ததில்லை.
"ஒன்னும் இருக்காது."
"பின்ன எதுக்குக் கூண்டு?"

துடைப்பக் குச்சிகளை ஒடித்து
மஞ்சள் வட்டத்தில் சுற்றிலும் நட்டு
மேலே ஒரு மூடியை அழுத்தினாள்.
உள்ளே பீட்ரூட்டில் ஏதோ ஒன்று:
நாலு கால், வால் இல்லை, மிளகுக் கண்.
"புயல்" என்றாள். "தூங்குது. கத்தாதே."

பிறகு எண்கள்.
உருட்டி, வளைத்து, வாசல் கதவில் ஒட்டினாள்.
சேந்தன் அழுததற்கு மூன்று.
நான் அதட்டியதற்கு ஐந்து.
பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தபோது எட்டு.
நியாயமான எட்டுதான்.

இருட்டியது.
எதிர்வீட்டுத் தகரக் கூரையைக் காற்று
ஒவ்வொரு ஷீட்டாகத் தட்டிப் பார்த்தது.
ஆறு மணியிலிருந்து சுகந்தியின் போன் அணைந்து கிடந்தது.
"கடைசி நம்பர் எதுப்பா?"
"பதினொன்னு."
"ரொம்பப் பெரிய புயலா?"
"இல்ல. வானிலை ஆபீஸோட பேச முடியல,
தொடர்பு அறுந்துபோச்சுன்னு அர்த்தம்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மஞ்சள் மாவில் இரண்டு குச்சி உருட்டினாள்.
எண்களிலேயே செய்வதற்குச் சுலபம் அதுதான்.
எட்டைப் பிய்த்து அந்த இடத்தில் ஒட்டிவிட்டு
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
இரண்டும் நேராக நிற்கிறதா என்று
தலைசாய்த்துப் பார்த்தாள்.

காலை ஏழரைக்கு வந்தாள் சுகந்தி.
முட்டிவரை சேறு.
வார்டில் டார்ச் அடித்தே போன் செத்துப்போனதாம்.
நாங்கள் எழுவதற்கு முன்பே
ஈரத்துணியை விலக்கி,
பரவாயில்லையே இந்த மனுஷன் என்று
நாலு சப்பாத்தி தேய்த்துக் கல்லில் போட்டிருக்கிறாள்.

முதல் வாய்.
மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை,
என்னைப் பார்த்தாள்.
நிறைமதி கூண்டைத் தூக்கி
முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பில் சேந்தன் பயந்து அழுதான்.

கதவுக்கு ஓடிப் பதினொன்றைப் பிடுங்கினாள் பெரியவள்.
ஒரு குச்சி கையோடு வந்தது.
மற்றது காய்ந்து மரத்தோடு மரமாகியிருந்தது,
கரண்டிக் காம்பால் சுரண்டியும் அசையவில்லை.

பத்து நாளாகிறது.
எறும்பும் சீண்டவில்லை.
மேலெல்லாம் உப்புப் பூத்து
நின்றுகொண்டிருக்கிறது ஒன்றாம் எண்:
தூரக் கடலில் எங்கோ
ஒரு தாழ்வு.