நாற்பத்தொரு வெட்டு

படம் இரண்டு மணி பதினெட்டு நிமிடம் ஓடும்.
ஆரம்பத்தில் ஒரு குறையும் இல்லை.
சிதறுதேங்காய் தரையில் பட்டதும் சத்தம்.
நலங்கில் மஞ்சள் பூசும் பெண்கள்
சிரித்து முடித்த பிறகுதான் சிரிப்பு கேட்கிறது.
தாலி ஏறி, மூன்று முடிச்சும் விழுந்து,
அட்சதை தலையில் தங்கி,
அவரவர் அடுத்த வேலையைப் பார்க்கத் திரும்ப,
அப்புறம் முழங்குகிறது கெட்டிமேளம்.

மஞ்சக்குப்பம் மைதானத்துக்கு எதிர்மாடி.
இரவு பதினொன்றே கால்.
காலையில் வைத்திலிங்கம் வருவார்.
சம்பந்தி வீட்டுக்கு ஆறு டிவிடி.

முதலில் வட்டைத்தான் சந்தேகித்தேன்.
அட்டையில் நாலு புள்ளி ஏழு என்று போட்டிருப்பான்,
கொள்வதென்னவோ நாலு புள்ளி மூணு ஏழு.
சுருக்கினேன்.
எட்டு எக்ஸ் வேகத்தை நாலாக்கினேன்.
டிரைவைக் கழற்றி
ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் லென்ஸைத் துடைத்தேன்.
தேவனாம்பட்டினத்துக் காற்று
ஆணி, கத்தரி, கதவுத் தாழ் எதையும் விட்டதில்லை,
இதை மட்டும் விடுமா.

நாலு வட்டு பாழ்.
மேசையில் மல்லாந்து கிடந்து
டியூப்லைட்டுக்கு வானவில் பூசுகின்றன.

பிறகு ஒலி.
மைக் பதிந்தது நாற்பத்து நாலாயிரத்து நூறு,
வட்டு கேட்பது நாற்பத்தெட்டாயிரம்.
மாற்றிப் பார்த்தேன். பிசகு அதே பிசகு.
கடைசிக் காட்சிக்கு ஓட்டினேன்:
பெண் காரில் ஏறுகிறாள், வாயைத் திறக்கிறாள்,
கண்ணாடி ஏறுகிறது, கார் போய்விட்டது.
ஒரு நாயும் கிழிந்த பந்தலும் இருக்கிற தெருவில்
அவள் அழுகை வந்து இறங்குகிறது.

தேய்மானம் என்றால் சீராகத் தேய வேண்டும்.
இது படிக்கட்டு.
எட்டு ஃபிரேம் சறுக்கும், ஏழு நிமிடம் சும்மா இருக்கும்,
பந்தி வந்ததும் மளமளவென்று சரியும்.
மின்கட்டண அட்டையின் பின்பக்கம்
சறுக்கிய நேரங்களை வரிசையாக எழுதினேன்.
இருபதாவது எழுதும்போது
இந்த எண்களை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று

பார்த்ததுதான். என் கையெழுத்திலேயே இருந்தது,
போன வாரத்துத் தாளில்.

"ஞானப்பிரகாசம் ஒரு இடத்துல தெரியக் கூடாது தம்பி."
கூடப் பிறந்தவர். கல்யாணம் முடிந்த பதினோராம் நாள்
குள்ளஞ்சாவடி முந்திரித் தோப்பில்
பதினெட்டு சென்ட்.
நின்ற காட்சிகளை ஒலியோடு தூக்கிவிட்டேன்.
குறுக்கே கடந்தவை, வாளியோடு ஓரத்தில் தெரிந்த தோள்,
இவை மட்டும் நாற்பத்தொன்று.
நாதஸ்வரம் துண்டுபடக் கூடாதென்று
ஒலித்தடத்தைப் பூட்டியவன் நானே.
படத்திலிருந்து அவர் பதினோரு நொடி போனார்.
ஒலியிலிருந்து போகவில்லை.

இரண்டரை மணிவரை இட்டு நிரப்பினேன்.
வாழைக்குலை, சீரியல் லைட்டு,
பலூனைக் கடிக்கப் பார்க்கும் ஒரு குழந்தை.
இப்போது தாலி ஏறும்போது மேளம்.
அழும்போது அழுகை.

வைத்திலிங்கம் செருப்பைக் கழற்றாமல் உட்கார்ந்து பார்த்தார்.
பந்தியில் பலூன் குழந்தை வந்தது.
அதன் மேல் ஒரு குரல்,
"மூணாவது வரிசைக்கு ரசம் வரலை பாரு, ஏய்!"
அவர் கை மௌஸ் வரைக்கும் போயிற்று.
"இந்த எடத்துல..." என்றார்.
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்.
"சரி, இருக்கட்டும். எத்தனை மணிக்குத் தருவே?"

ஆறு வட்டும் சூடாக வெளியே வந்தன.
மார்க்கரில் பெயர் எழுதும்போதுதான் கவனித்தேன்,
மெனுவுக்குப் பின்னால் நான் வைத்த அழைப்பிதழில்,
தங்கள் நல்வரவை விரும்பும் வரிசையில்,
இரண்டாவதாக, அரிசி நுனி அளவுக்கு அவர் பெயர்.

நலங்கு, முகூர்த்தம், பந்தி, வரவேற்பு.
நாலு பொத்தான்.
ரிமோட்டை எப்படி அழுத்தினாலும்
அந்த இடத்துக்குப் போகாது.