தோட்டப்பாளையம், ஒன்றே முக்கால்

கரண்ட் போய் நாற்பது நிமிடம்.
பகலெல்லாம் குடித்த வெயிலை
மலை இப்போதுதான் கக்குகிறது.
லுங்கியோடு தெருவுக்கு வந்தேன்.
இஸ்திரி வண்டிக்கு அடியிலிருந்த நாய்
மோந்து பார்த்து,
இவன்தானா என்று படுத்துக்கொண்டது.

லாட்ஜ் வாசலில் ஒருவர்.
புறங்கையில் ஊசி, மேலே பிளாஸ்திரி.
மால்டா என்றார். ஆபரேஷன் என்றார்.
ஏழு விரல் காட்டினார்.
பிறகு, "நதி கிதர்?"

என் இந்தி
இடது வலதோடு முடிந்துவிடும்.
கூட்டிப் போனேன்.

பாலத்தின் கைப்பிடியைப் பிடித்து
வெகுநேரம் பார்த்தார்.
மணல். சீமைக்கருவேலம். டிராக்டர் தடம்.
"பானி?"
உள்ளே இருக்கிறது என்பதுபோல்
கீழே கை காட்டினேன்.
அவர் தன் வயிற்றைத் தொட்டுத்
தலையாட்டினார்.

திரும்பும்போது
தெரு முழுக்க ஒரேயடியாக வெளிச்சம்.
கண்ணைச் சுருக்கி நின்றோம்,
திருட வந்த இருவர் மாதிரி.