மதியம்தான் வருவேன்

கிளாம்பாக்கத்தில் ஏறி இரண்டு மணி நேரம்.
இன்னும் கூடுவாஞ்சேரி தாண்டவில்லை.
முன்னால் சிவப்பு விளக்குகள்;
செங்கல்பட்டு வரைக்கும் இருக்கு என்கிறார் நடத்துநர்,
தன் சொத்தைச் சொல்வதுபோல.

பக்கத்து இருக்கை இசக்கியம்மாள்
ஒரு கையில் போன், மறு கையில் இனிப்புப் பெட்டி,
"வந்துட்டே இருக்கேன்" என்கிறாள் நாலாவது முறையாக.
பேருந்து அசையவில்லை.
அவள் கால்தான்
இல்லாத ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறது.

போன தீபாவளிக்கு நானும்
திண்டிவனம் வரை மிதித்தேன்.

இந்த முறை வீட்டில்
மதியம்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.
வண்டி சேரவேண்டியது காலை ஆறுக்கு.
நடுவில் ஆறு மணி நேரம்
யாருக்கும் தெரியாமல் என் பையில் இருக்கிறது.

ஆரஞ்சு ஒன்றை உரித்துப்
பாதியை நீட்டினேன்.
எதையாவது கீழே வைத்தால்தான் வாங்க முடியும்.

போனை வைத்தாள்.