மெமோவில் ஒரு வினைச்சொல்

உயர்திரு மேலாளர் அவர்களுக்கு,
இரண்டாம் மாடி, ஓவர்லாக் லைன்,
டோக்கன் எண் 218 கலாமணி எழுதிக்கொள்வது.

"சக தொழிலாளர்களிடையே கொந்தளிப்பைத் தூண்டினீர்"
என்று மெமோவில் இருக்கிறதுங்க.
மூன்று நாளில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள்.
முதல் நாள் தூங்கினேன்.
இரண்டாம் நாள் சேர்ந்துகிடந்த துணியெல்லாம் துவைத்தேன்.
இன்று அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்து
டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன்,
ஓட்டை விழுந்த பீஸைப் பார்ப்பதுபோல.

விளக்கைத் தூண்டலாம்.
அதற்கு ஈர்க்குச்சி ஒன்று போதும்.
ஆனால் எண்ணெய் இருக்க வேண்டும், திரி இருக்க வேண்டும்,
திரி ஏற்கெனவே எரிந்துகொண்டும் இருக்க வேண்டும்.
அணைந்த விளக்கைத் தூண்டினால்
விரலில் கரிதான் ஒட்டும்.
பீஸுக்கு நாற்பது பைசா குறைத்து
டைம் ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டியது யாருங்க?
என் கையில் ஈர்க்குச்சிகூட இல்லை.
கத்தரி இருந்தது, நூல் வெட்டுகிற சின்னக் கத்தரி.

சூப்பர்வைசர் தாமோதரன் சொன்ன சொல் வேறு.
"இவதானுங்க உசுப்பேத்துனா."
உசுப்புவது நாயை.
அன்றைக்கு யாரும் குரைக்கவில்லை.
நூல்முனையை எச்சில் தொட்டுக் கோத்துக்கொண்டிருந்த வாய்
மூடினது மூடினபடி இருந்தது.

சண்டை மூட்டினாள் என்று
வாட்ச்மேன் எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்வி.
பாதியை ஒத்துக்கொள்கிறேன்.
பதினோரு வருஷமாக மூட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.
தோளோடு தோள், பக்கத்தோடு பக்கம்,
தனியாகக் கிடக்கும் கையைக் கொண்டுபோய் உடம்போடு.
தைக்கிறவளுக்கும் தீ வைக்கிறவளுக்கும்
தமிழ் ஒரே சொல்லைக் கொடுத்திருந்தால்
நான் என்ன செய்ய?

கோபம் மட்டும் யாரும் மூட்டி வருவதில்லைங்க.
அது மூளும்.
எட்டாவதோடு நின்றவள் நான்,
தன்வினை பிறவினையில் மட்டும் பத்துக்குப் பத்து.
எழுந்தார்கள் என்பது ஒன்று.
எழுப்பினாள் என்பது வேறொன்று.
அவர்கள் எழுந்தார்கள்.
நடுவில் ஒரு 'ப்பி'யைச் செருகி
முப்பத்தொரு பேர் முழங்காலையும்
என் கணக்கில் எழுதிவிட்டீர்கள்.

நடந்தது இவ்வளவுதான்.
நாலு மணி டீ இன்னும் வரவில்லை.
நோட்டீஸைப் படித்துவிட்டு வந்து
"ஏனுங்க, போன வாரம் ரெண்டு நாப்பது தானுங்களே?" என்றேன்.
ஒரு வரியில் இரண்டு ங்க. அதற்குமேல் மரியாதை
எங்கள் ஊர்ப் பேச்சில் இல்லை.

முதலில் பெடலிலிருந்து காலை எடுத்தவள் மினதி.
ஒடிசாவிலிருந்து வந்து நாற்பது நாள்.
சோறு, தண்ணி, லீவு, இந்த மூன்றுக்கு மேல் தமிழ் தெரியாது.
அவளை நான்
எந்த வினைச்சொல்லால் தூண்டியிருப்பேன்?
நாற்பது பைசா அவளுக்குத் தெரியும்.

பிறகு பக்கத்து மெஷின், அதற்குப் பக்கத்து மெஷின்.
மோட்டார் எல்லாம் ஓய்ந்ததும்
அனுப்பர்பாளையத்தில் பாத்திரம் தட்டுகிற சத்தம்
ஜன்னல் வழியாக மாடி ஏறி வந்தது.
இத்தனை வருஷமும் அது
அங்கேயேதான் இருந்திருக்கிறது.

ஆகவே மெமோவில் திருத்தம் வேண்டுகிறேன்.
தூண்டினீர் என்பதை அடித்துவிட்டு
கேட்டீர் என்று போடவும்.
நான் கேட்டேன்.
முப்பத்தொரு பேருக்கும் அது கேட்டது.
ஒரே சொல்தானுங்க, அதற்கு வேறு தையல் வேண்டாம்.
கண்ணாடி அறைக்குள் உங்களுக்குக் கேட்டதா என்று
மெமோவில் இல்லை.

இப்படிக்கு,
கலாமணி.

பின்குறிப்பு: கத்தரி மெஷின்மேலேயே இருக்கிறது.
கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும்.
கம்பெனி கொடுத்ததல்ல, என் காசு.
விசாரணை முடிகிறவரை
யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளவும்.