இடது சிறகில் ஒரு வெள்ளை

நாங்கள் மூன்று பேர்.
ஃபாரோ தீவுகளுக்கு வழிதவறி வரும் பறவைகளை
வந்தன என்றோ வரவில்லை என்றோ சொல்லும் அதிகாரம்
எங்களுக்கு மட்டும்.
சம்பளம் கிடையாது. காபித்தூள் என் செலவு.

அக்டோபரில் நோல்சொயிலிருந்து இரண்டு படங்கள்.
அனுப்பியவர் அய்ஃபின். முப்பது வருடம் இழுவைப் படகில் இருந்தவர்.
பறவைகளில் அவர் அறிந்தது இரண்டே வகை:
தின்னலாம், தின்னக் கூடாது.
"ருபார்ப் இலைக்கடியில் நின்றது.
பூனை கடித்த ரத்தம் என்று நினைத்தேன்.
ரத்தம் இல்லை."
கடிதம் அவ்வளவுதான்.

ரத்தம் இல்லை, செந்தொண்டை.
சைபீரியாவில் கோடையைக் கழித்துத்
தெற்கே போகவேண்டியது,
வரைபடத்தை யாரோ திருப்பிக் கொடுத்ததுபோல்
மேற்கே, நடுக்கடலுக்கு.

பௌர்துர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அவர் துடைத்தால் இல்லை என்று அர்த்தம்.
"இந்தத் தீவின் வெளிச்சத்தில் இப்படி ஒரு சிவப்பு விளையாது.
யாரோ ஒரு ராபினைப் பிடித்து..."

ராபினுக்கு நெற்றிவரை சிவந்திருக்கும் என்றாள் சுன்வா.
இதற்குத் தாடையோடு நிற்கிறது,
நாவிதர் இழுத்த கோடு மாதிரி,
மேலே வெள்ளை மீசை.

"சரி, பறவை அசல். ஆனால் கூண்டிலிருந்து தப்பியது.
வால் நுனியைப் பார். கம்பியில் உரசி உரசி..."
"நாலாயிரம் கிலோமீட்டர் பறந்தபின்
உங்கள் வால் எப்படி இருக்கும்?"
எனக்கு வால் இல்லை என்றார் பௌர்துர்.
குறிப்பேட்டில் அதையும் எழுதினேன்.

பிறகுதான் கண்ணில் பட்டது.
முதல் படத்தில் இடது சிறகில் ஒரு வெள்ளை இறகு.
இரண்டாவதில் அது வலது சிறகில்.

ஒரே பாத்தியில், பத்து நிமிட இடைவெளியில்,
ஆளுக்கொரு வெள்ளை இறகோடு இரண்டு செந்தொண்டைகளா?
ஹீட்டர் மட்டும் டிக் டிக்கென்றது.
சுன்வா கைகளைக் கட்டிக்கொண்டாள்.
தான் பரிந்து பேசியவர் பொய்யர் என்றால்
அவளுக்குத்தான் எல்லாரையும்விடக் கோபம் வரும்.
பௌர்துர் மட்டும், ஆச்சரியம்,
துடைத்த கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை படகேறினேன்.
வரி கேட்க வந்தவள் என்று நினைத்த அய்ஃபின்
கதவைப் பாதிதான் திறந்தார்.
பாத்தியில் மஞ்சளாகிச் சரிந்த இலைகள்.
பின்னால் கல்சுவர்,
சுவரின் வலப்பக்கம் துருப்பிடித்த குழாய்.
முதல் படத்தில் சுவரே இல்லை, இலைதான்.
இரண்டாவதில் குழாய்
இடப்பக்கம் நின்றது.

எந்த போன் என்று கேட்டேன்.
முதல் படம் மகளுடையதில்; ஒன்று எடுத்துவிட்டு
அவள் படகுக்கு ஓடிவிட்டாள்.
அடுத்தது தன்னுடையதில்.
பின்பக்க லென்ஸ் போன வருடமே
வின்ச்சில் அடிபட்டு நொறுங்கியாயிற்று.
"முகம் பார்க்கிற பக்கத்தால் எடுத்தேன்."

ஈரத்தில் குப்புறப் படுத்து,
திரையைப் பறவைக்குக் காட்டி,
தான் எதையும் பார்க்கமுடியாமல், குத்துமதிப்பாக,
நாற்பத்தோரு தடவை அமுக்கியிருக்கிறார்.
நாற்பதில் இலை, வானம், அவருடைய கட்டைவிரல்.
ஒன்றில், இடம்வலம் மாறி, அது.

நெஞ்சை நிமிர்த்தி, தொண்டையைப் புடைத்து,
அவ்வளவு பக்கத்தில்.
அதுதான் எங்களுக்கு முதலிலிருந்தே உறுத்தியது.
தொலைந்துபோன பறவை இப்படி நிற்காதே.
படகில் திரும்பும்போதுதான் புரிந்தது:
அது திரையில் இன்னொரு செந்தொண்டையைப் பார்த்தது.
இந்தக் கடலில் தனக்கு ஒரு துணை,
அல்லது எதிரி.

வாக்கு, இரண்டுக்கு ஒன்று.
"எங்கிருந்து வந்தது" என்ற கட்டத்தில்
பௌர்துர் பென்சிலால் கேள்விக்குறி போட்டார்.
நான் அழிக்கவில்லை.
எனக்கும் தெரியாது.

அய்ஃபின் கொடுத்தனுப்பிய ருபார்ப் ஜாமைத் திறந்தேன்.
பௌர்துர் ரொட்டியில் தடவி,
ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"இதில் சாயம் ஏதும் கலந்திருக்கிறாரா?"